பழைய ஸ்டீல் கிட்டார்: புதுப்பிப்பதா, வாசிப்பதா?

ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர் தந்தியை விரலால் மெட்டின்மேல் அழுத்துவதில்லை. கருவியை மடியில் கிடத்திக்கொண்டோ, கால்கள் பூட்டி முன்னால் நிறுத்திக்கொண்டோ, இடக்கையில் பிடித்த உருளை வடிவ எஃகுத் துண்டைத் தந்திகள்மேல் பதமாக வைத்து நகர்த்துகிறார். ‘பார்’ எனப்படும் அந்த எஃகுத் துண்டு எங்கே நிற்கிறதோ அங்கே சுரம் பிறக்கிறது. கோட்டுவாத்தியம் என்கிற சித்திரவீணையின் வாசிப்பைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய முறை. பலகைமேல் மெட்டுபோல் தெரிபவை இடம் காட்டும் கோடுகள் மட்டுமே. தந்தி அவற்றைத் தொடுவதே இல்லை.

பழைய ஸ்டீல் கிட்டார் ஒன்று கைக்கு வந்தால் அதைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டுமா, இருந்தபடியே வாசிக்கலாமா என்ற கேள்விக்கு விடை இந்த வேறுபாட்டில்தான் தொடங்குகிறது. சாதாரண கிட்டாரில் வயது முதலில் தாக்குவது மெட்டுகளையும் கழுத்தையும். மெட்டு தேய்ந்தால் சுரம் பிசகும். கழுத்து வளைந்தால் தந்தி மேலெழுந்து விரல் நோகும். பழுது பார்ப்பவர் கேட்கும் கூலியில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கே போய்விடும். ஸ்டீல் கிட்டாரில் மெட்டு தேய வழியில்லை. கழுத்து இம்மியளவு வளைந்திருந்தாலும் வாசிப்பவரின் காதும் இடக்கையும் அதைச் சரிக்கட்டிவிடும். அதனால்தான் 80 வயதுக் கருவியும் புதுத் தந்தி பூட்டிய அன்றே கச்சேரிக்குத் தயாராகிவிடுவது உண்டு. வாசிப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. புதுப்பிக்கத்தான் தக்க காரணம் வேண்டும். அப்படிப்பட்ட காரணங்கள் சில உண்டு. அவை பெரும்பாலும் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரியும் இடங்களில் இருப்பதில்லை.

ஹவாயின் ஓவாஹு தீவில் பிறந்த ஜோசப் கெகுகு (1874–1932) பள்ளி மாணவராக இருந்தபோது, 1889 வாக்கில், எஃகுத் துண்டைத் தந்திமேல் நகர்த்தும் முறையை உருவாக்கினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரலாறு. 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சி ஹவாய் இசை மோகத்தை அமெரிக்கா முழுவதும் பரப்பியது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் கருவி நான்கு முறை உருமாறியது. 1920-களில் லாஸ் ஏஞ்சலிஸில் ஹெர்மன் வைசன்பார்ன், ஹவாயின் கோவா மரத்தில், கழுத்தும் உள்ளீடற்றதாக இருக்கும் கருவிகளைச் செய்தார். 1927-ல் நேஷனல் நிறுவனம் உலோக உடலுக்குள் அலுமினியக் கூம்புகள் வைத்த கருவியைக் கொண்டுவந்தது. மறு ஆண்டே அதன் உறவுக்காரனாக டோப்ரோ வந்தது. 1932-ல் ‘ஃப்ரையிங் பேன்’ என்ற பட்டப்பெயர் கொண்ட வார்ப்பு அலுமினியக் கருவி விற்பனைக்கு வந்தது. ஜார்ஜ் பீச்சமும் அடால்ஃப் ரிக்கன்பாக்கரும் கொண்டுவந்த இதுவே வணிக அளவில் வெற்றி பெற்ற முதல் மின்கிட்டார். மிதி அழுத்தித் தந்தியின் சுருதியை மாற்றும் பெடல் ஸ்டீல் 1940 வாக்கிலேயே இருந்தாலும், 1954-ல் வெளிவந்த வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டில் பட் ஐசக்ஸ், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்திச் சுரத்தை வளைத்துக் காட்டிய பிறகுதான் அமெரிக்கக் கன்ட்ரி இசைக்காரர்கள் அதன் பின்னால் ஓடினார்கள். மரப்பெட்டி, கூம்பு, மின்காந்தம், இயந்திரம் ஆகிய நான்கும் நான்கு விதமாக மூப்படைகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

நான்கிலும் முதுமை எட்டாத பகுதி என்று ஒன்றைச் சொல்ல முடியாது. மிகச் சிக்கலான பகுதி பெடல் ஸ்டீலின் இயந்திரம். அதன் பொதுவான வடிவத்தில் பத்துத் தந்திகள். ஒவ்வொரு தந்தியின் முனையும் குதிரையின் இடத்தில் உள்ள ஓர் உலோக விரலில் மாட்டப்பட்டிருக்கும். எல்லா விரல்களும் ஒரே அச்சில் அசையும். இந்தத் தொகுதிக்குச் சேஞ்சர் என்று பெயர். மிதியை அழுத்தினால் கீழுள்ள குறுக்குத்தண்டு திரும்பும், அது நீண்ட கம்பியை இழுக்கும், கம்பி விரலைச் சாய்க்கும், தந்தி இறுகிச் சுருதி ஏறும். பழைய சைக்கிள்களின் கம்பி பிரேக்கைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே விளங்கும். முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் இதே வழியில் சுருதியை ஏற்றவோ இறக்கவோ செய்கின்றன.

இந்த விரல்கள் நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். மிதியை விட்டதும் அவை பழைய இடத்துக்கே துல்லியமாகத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் சுருதி சேராது. பழைய கருவி ஒன்றில் மிதி கனமாக இருக்கிறது, விட்ட பிறகு சுரம் சற்று ஏறியே நிற்கிறது என்றால், வாங்கியவர் உடனே ‘தேய்ந்துவிட்டது, சேஞ்சரையே மாற்ற வேண்டும்’ என்ற முடிவுக்கு வந்துவிடுவார். பெரும்பாலும் உண்மைக் காரணம் அழுக்கு. பல ஆண்டுகளாக விட்ட எண்ணெய் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து பிசினாகி, தூசியைப் பிடித்து, தந்தியிலிருந்து உதிர்ந்த உலோகத் துகளோடு சேர்ந்து களிம்பாகிவிடுகிறது. லைட்டர் திரவமாக விற்கும் நாப்தாவைச் சேஞ்சருக்குள் சில முறை சொட்டி, மிதிகளை மாறிமாறி அழுத்தினால் கறுப்பு நீராக அது வடியும். திரவம் உலர்ந்தபின் தையல் மெஷின் எண்ணெய் ஓரிரு சொட்டு போதும். நாப்தா சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் திறந்த வெளியில் செய்ய வேண்டிய வேலை இது. இதற்குப் புதுப்பித்தல் என்ற பெரிய பெயர் தேவையில்லை. பராமரிப்பு என்றாலே போதும். செய்து முடித்ததும் ‘தேய்ந்துபோன’ கருவிகளில் பாதி பிழைத்துக்கொள்ளும்.

அழுக்கு போன பிறகும் மூன்றாம் தந்தி அடிக்கடி அறுந்தால் வேறு இடத்தைப் பார்க்க வேண்டும். இ-நைன்த் என்ற வழக்கமான சுருதியமைப்பில் மூன்றாம் தந்தி வினாடிக்கு சுமார் 415 அதிர்வுகளில் ஒலிக்கும். தந்தியின் அதிரும் நீளம் ஏறத்தாழ 61.5 சென்டிமீட்டர். நீளமும் அதிர்வெண்ணும் முடிவாகிவிட்டால் எஃகுத் தந்தியின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்க வேண்டிய இழுவையும் முடிவாகிவிடுகிறது. தடித்த தந்தி போட்டாலும் மெல்லிய தந்தி போட்டாலும் அந்த அளவு மாறாது. கணக்குப் போட்டால் சதுர மில்லிமீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல் வரும். மிதியை அழுத்தி அரைச்சுரம் ஏற்றினால் அது 235 கிலோவை எட்டும். இவ்வளவு மெல்லிய தந்தி எஃகு தாங்கக்கூடிய எல்லை ஏறத்தாழ 260-லிருந்து 300 கிலோ. எல்லைக்கு இவ்வளவு அருகில் நிற்கும் தந்தி, உலோக விரலின் தலையில் பல ஆண்டு உரசலால் விழுந்த சிறு பள்ளத்தில் மடிந்து நிமிர்ந்தால் சீக்கிரம் களைத்து அறும். நுண்ணிய உப்புத்தாளால் அந்தப் பள்ளத்தை வழவழப்பாக்குவது அரைமணி வேலை. உலோகம் இழக்கப்படுவது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. தந்தி தயாரிப்பாளரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலர் இந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

உலோகமே குற்றவாளியாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. நாஷ்வில்லில் ஷாட் ஜாக்சனும் பட்டி எமன்ஸும் தொடங்கிய ஷோ-பட் நிறுவனத்தின் கருவிகள் இசைக்காரர்களிடையே பெரும் மதிப்புப் பெற்றவை. ஆனால் 1970-களில் வந்த சில மாதிரிகளில் சேஞ்சரின் பாகங்கள் மலிவான வார்ப்பு உலோகத்தில் செய்யப்பட்டவை. ‘பாட் மெட்டல்’ என்று வாசிப்பவர்கள் அலுத்துக்கொள்வது இதைத்தான். இழுவை மாறிமாறி வரும் இடத்தில் அது தேயும், சில நேரம் உடையும். அங்கே வாசித்துக்கொண்டே காலம் தள்ளுவது பொருளற்றது. அலுமினியத்திலோ எஃகிலோ கடைந்த புதுப் பாகத்தைப் போடுவதுதான் கருவியின் ஆயுளைக் கூட்டும். 1930-களின் மலிவுக் கருவிகளில் உள்ள துத்தநாக வார்ப்புகளுக்கு இன்னொரு நோய் உண்டு. துத்தநாகத்தில் சிறிதளவு ஈயம் கலந்திருந்தால், ஈரக்காற்றில் உலோகத்தின் மணிகளுக்கிடையே அரிப்பு பரவி, பாகம் உப்பி, வெடித்து, கடைசியில் விரலால் நசுக்கினாலே உதிரும். இதற்குச் சிகிச்சை கிடையாது. மிகத் தூய துத்தநாகத்தை அடிப்படையாகக் கொண்ட ஜமாக் கலவையை 1929-ல் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் உருவாக்கியதே இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். அதைப் பின்பற்றாத வார்ப்படக் கூடங்கள் பல ஆண்டுகள் இருந்தன.

எமன்ஸ் 1960-களில் தம் பெயரிலேயே கொண்டுவந்த கருவியின் கதை இதற்கு நேர் எதிரானது. ‘புஷ்-புல்’ எனப்படும் அதன் பொறியமைப்பில் சுருதியை ஏற்ற இழுவையும் இறக்கத் தள்ளலும் வேலை செய்கின்றன. ஓய்வில் இருக்கும்போது உலோக விரல் உடலோடு இறுக்கமாக ஒட்டி நிற்பதால் அதன் ஒலி தனி என்று வாசிப்பவர்கள் சொல்கிறார்கள். சுருதி சேர்க்க அது படுத்தும் பாடும் தனிதான். பின்னால் வந்த, ஏற்ற இறக்கம் இரண்டையும் இழுத்தே செய்யும் அமைப்பு எவ்வளவோ எளிது. அதற்காகப் பழைய புஷ்-புல்லைப் பிடுங்கிவிட்டுப் புது அமைப்பைப் பொருத்தினால் கருவி வசதியாகும். எதற்காக அதை வாங்கினார்களோ அது போய்விடும். பொறுமை இல்லாதவர் அதை விற்றுவிட்டுப் புதியது வாங்குவதே நல்லது.

அடுத்தது பிளாஸ்டிக். இதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை, கெடுதி செய்வதில் இதற்கே முதலிடம். சுப்ரோ, மேக்னடோன் போன்ற பெயர்களில் வந்த மடிக்கருவிகள் பலவற்றின் உடல் முழுவதும் முத்துச்சிப்பிபோல் மின்னும் உறை ஒட்டப்பட்டிருக்கும். கழிவறை மூடிகளுக்கும் அக்காலத்தில் அதே உறைதான் என்பதால் அமெரிக்கர்கள் அதைக் கேலிப்பெயர் சொல்லி அழைப்பதுண்டு. அது செல்லுலாய்ட், அதாவது செல்லுலோஸ் நைட்ரேட். பழைய சினிமாப் பிலிமும் இதே பொருள்தான். காலப்போக்கில் அதன் மூலக்கூறுகளிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் பிரிகின்றன. காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அவை நைட்ரிக் அமிலமாகின்றன. அந்த அமிலம் மேலும் சிதைவைத் தூண்ட, சிதைவு மேலும் வாயுவை வெளியிட, வேகம் தானாகவே கூடிக்கொண்டே போகும். மூடிய பெட்டிக்குள் வாயு வெளியேற வழியில்லாததால் நிலைமை இன்னும் மோசம். அருகிலுள்ள பித்தளை பச்சை பூக்கும், நிக்கல் பூச்சு பொரியும், காந்தச் சுருளின் தாமிரம் அரிபடும். பெட்டியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் காரநெடி, மஞ்சளித்த மேற்பரப்பு, வலைபோன்ற விரிசல், எண்ணெய்போல் கசியும் ஈரம் இவை அறிகுறிகள். ஒருமுறை தொடங்கிவிட்ட பாகத்தைக் காப்பாற்ற முடியாது; மற்ற பாகங்களைக் காப்பாற்ற அதைக் கழற்றத்தான் வேண்டும். நல்ல நிலையில் உள்ள செல்லுலாய்டை யாரும் தொட வேண்டாம். காற்றோட்டமுள்ள, குளிர்ந்த இடத்தில் கருவியை வைத்தாலே அது பல பத்தாண்டு நிற்கும். அதன் அருகே சால்டரிங் இரும்பைக் கொண்டுபோவது கூடாது. இது எளிதில் பற்றி எரியும் பொருள்.

ரிக்கன்பாக்கர் 1935 முதல் செய்த பேக்கலைட் கருவிகள் வேறு வகை. ஜெர்ரி பர்ட் போன்ற பெரிய வாசிப்பாளர்கள் விரும்பியவை இவை. பேக்கலைட் வேதியியல்படி மிக நிலையானது, சூட்டில் உருகாது. ஆனால் கீழே விழுந்தால் கண்ணாடிபோல் உடையும். மங்கிய மேற்பரப்பைப் பளபளப்பாக்க உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் மேலுள்ள பிசின் படலத்தை எடுத்துவிட்டு, உள்ளே நிரப்பியுள்ள மரத்தூளை வெளியே கொண்டுவந்துவிடுகிறார்கள். அதன்பின் அது ஒருநாளும் பழையபடி மின்னாது.

அலுமினிய ‘ஃப்ரையிங் பேன்’ கருவிக்கு நோய் என்று சொல்லும்படி எதுவுமில்லை, ஒரு குணம்தான் உண்டு. அலுமினியம் சூட்டில் எஃகைவிட இரண்டு மடங்கு விரியும். மேடை விளக்கில் உடலும் தந்தியும் 20 டிகிரி சூடேறினால், உடல் கூடுதலாக நீண்டு தந்தியை இழுக்கும்; கணக்குப்படி மேல் தந்தியின் சுருதி அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். 1930-களின் வாசிப்பாளர்களும் இதைப் பற்றிக் குறைப்பட்டிருக்கிறார்கள். இதைச் சரிசெய்ய எந்தப் பழுதும் பார்க்க முடியாது. கருவி அறையின் வெப்பத்துக்கு வந்தபின் சுருதி சேர்ப்பது ஒன்றே வழி. பழைய கருவியில் குறையாகத் தெரிவதெல்லாம் மூப்பின் விளைவு ஆகிவிடாது. சில பிறவிக் குணங்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இரைச்சலும் அப்படித்தான், அது புதிதாக வந்த நாளிலும் இரைந்தது.

பிக்கப்புக்குள் தலைமுடியைவிட மெல்லிய தாமிரக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகக் காந்தத்தைச் சுற்றி இருக்கும். ஈரமும் அமிலமும் எங்கேனும் ஓரிடத்தில் கம்பியை அரித்தால் மொத்தச் சுருளும் ஊமையாகிவிடும். மல்டிமீட்டரை வைத்தால் முடிவற்ற மின்தடை காட்டும். அப்போது மறுசுற்று தவிர வழியில்லை. ஆனால் வேலை செய்யும் பிக்கப்பை ‘மின்தடை மாறிவிட்டது’ என்ற காரணத்தால் பிரிப்பவர்கள் முதலில் அறையின் வெப்பநிலையைப் பார்ப்பது நல்லது. தாமிரத்தின் மின்தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 10,000 ஓம் காட்டும் சுருள், சென்னை மே மாதத்தின் 38 டிகிரியில் 10,700 ஓம் காட்டும். கம்பிக்கு எதுவும் ஆகியிருக்காது.

காந்தத்தில் இன்னும் கவனம் தேவை. ரிக்கன்பாக்கரின் பழைய பிக்கப்பில் இரண்டு குதிரைலாடக் காந்தங்கள் தந்திகளைச் சூழ்ந்து நிற்கும். அக்காலக் காந்த எஃகு, இன்றைய காந்தங்களைப்போல் தன் காந்தத்தை இறுகப் பிடித்துவைப்பதில்லை. கழற்றித் தனியே வைத்தாலோ தட்டினாலோ சிறிது இழந்துவிடும். துருவைத் துடைக்கக் கழற்றிய காந்தம் திரும்பப் பொருத்தும்போது மெலிந்திருக்கக்கூடும், ஒலியும் அதனோடு மெலியும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கருவிகளில் இந்தக் காந்தங்கள் 1½ அங்குல அகலம், பின்னால் 1¼ அங்குலம். அகலமானவற்றையே தேடி வாங்குபவர்கள் இருக்கும்போது, பளபளக்கும் புதுக் காந்தத்தை மாட்டுவது யாருக்கும் லாபமில்லை.

மரக்கருவிகளில் பார்க்க வேண்டியது பசை. வைசன்பார்ன் காலத்தில் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையே வழக்கம். சுமார் 60 டிகிரி சூட்டிலும் ஈரத்திலும் அது இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். உடலை விரல்முட்டியால் தட்டிப் பார்த்தால், உள்ளே பிடிவிட்ட குறுக்குச்சட்டம் சலசலக்கும். அதோடு தந்தியை முறுக்கினால் மேற்பலகை உப்பும், குதிரை பிடுங்கிக்கொள்ளும். பிடிவிட்டதை ஒட்டுவது கட்டாயம். அதே தோல்பசையால் ஒட்ட வேண்டும். எபாக்ஸி வலுவானது என்பது உண்மை. நாளை இன்னொருவர் பிரிக்க வேண்டிவந்தால் மரத்தையே பிய்த்துக்கொண்டு வரும் என்பதும் உண்மை. கருவி நல்ல நிலையில் இருந்து, பயம் மட்டும் இருந்தால் எளிய வழி ஒன்று உண்டு. தந்தியின் இழுவை அதிர்வெண்ணின் இருமடியைப் பொறுத்தது என்பதால் சுருதியை ஒரு முழுச்சுரம் இறக்கினால் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். காசு செலவில்லை, கருவியில் ஒரு கீறலும் விழாது.

நேஷனலின் கூம்புகள் காகிதத்தைப்போல் மெல்லிய அலுமினியம். தந்தியின் அழுத்தத்தில் பல பத்தாண்டு கிடந்து சில அமிழ்ந்துவிடும், சிலவற்றில் விரிசல் விழும். அமிழ்ந்த கூம்பு ஒலியை விழுங்கும். புதுக் கூம்பு இன்றும் கிடைக்கிறது, மாற்றிவிட்டுப் பழையதை எடுத்துவைக்கலாம். இதில் தயங்க ஒன்றுமில்லை.

ஒலிபெருக்கியில் மட்டும் ‘வாசித்துப் பார்ப்போம்’ என்ற பேச்சே கூடாது. 1930-களிலும் 40-களிலும் மின்சார மடிக்கருவி பெரும்பாலும் தன் ஜோடி ஆம்ப்ளிஃபயரோடு விற்கப்பட்டது. அதன் வடிகட்டி மின்தேக்கிகளின் உள்ளிருக்கும் திரவம் உலர்ந்திருக்கும். நிலத்தொடர்பு இல்லாத இரண்டு முள் பிளக்கிலிருந்து ஒரு மின்தேக்கி நேராக உலோகச் சட்டத்துக்குப் போகும். அது கசிந்தால் கருவியின் தந்தியே மின்சாரக் கம்பியாகிவிடும். வாசிப்பவரின் கையில் எஃகுத் துண்டு இருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அமெரிக்க ஆம்ப்ளிஃபயர் 117 வோல்ட்டுக்குச் செய்தது என்பதால் இந்தியாவின் 230 வோல்ட்டில் செருகினால் அடுத்த நொடியே புகையும். மின்தேக்கிகளை மாற்றி, மூன்று முள் கம்பி போட்டு, மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இயக்குவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அசல்தன்மை என்ற வாதம் இங்கே செல்லாது.

மேற்பூச்சு பற்றிய ஆசையே அதிகக் கருவிகளைக் கெடுத்திருக்கிறது. பழைய லேக்கர் பூச்சு, மரம் விரிந்து சுருங்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் மயிரிழை விரிசல் விடும். பார்க்க வயதாகத் தெரியும். ஒலிக்கு அதனால் எந்தக் கேடும் இல்லை. சுரண்டிப் புதுப் பூச்சு அடித்தால் கருவியின் விலை சரியும், கூடவே அதன் வரலாறும் அழியும். உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு பாகங்களும் பேசும். ஒலியளவுத் திருகின் பின்புறத்தில் எண்கள் குத்தப்பட்டிருக்கும். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ்., 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் தயாரிப்பு. 1376633 என்றிருந்தால், சி.டி.எஸ். நிறுவனம் 1966-ன் 33-ஆவது வாரத்தில் செய்தது. அந்தத் திருகு அசலானால் கருவி அதற்கு முன் பிறந்திருக்க முடியாது. கரகரக்கிறது என்று அந்தத் திருகைக் கழற்றி எறிந்தால் பிறப்புச் சான்றிதழும் போய்விடும். கரகரப்புக்கு மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே பெரும்பாலும் போதும்.

‘அசல்’ என்றால் எந்த நாளின் அசல் என்பதையும் யோசிக்க வேண்டும். பெடல் ஸ்டீல்களை வாசிப்பவர்களே ஓயாமல் மாற்றிக்கொண்டிருந்தார்கள்: ஒருவர் முழங்கால் நெம்புகோல் சேர்த்தார், ஒருவர் கம்பியின் வழியை மாற்றினார். எமன்ஸே சுருதியமைப்பில் புதுத் தந்திகளைச் சேர்த்தவர். இந்தியாவிலும் இதே கதைதான். ஹவாய்க் கலைஞர் டாவ் மோ 1940-களில் கல்கத்தாவில் தங்கி வாசித்ததும் கற்பித்ததும் அந்நகரில் ஹவாயன் கிட்டாரை வேரூன்றச் செய்தன. பின்னால் பிரிஜ் பூஷண் காப்ரா அதை ராக இசைக்கு ஏற்ப மாற்றியமைத்தார். அந்த வழியில் வந்த மோகன வீணையோடு விஷ்வ மோகன் பட் 1994-ல் கிராமி விருது பெற்றார். இப்படித் தந்தி சேர்த்து மாற்றப்பட்ட கிட்டார் ஒன்றைத் ‘தொழிற்சாலை நிலைக்கு’ மீட்பது அதன் வரலாற்றில் மிக முக்கியமான அத்தியாயத்தை அழிப்பதாகும். கைதேர்ந்த வாசிப்பாளர் செய்த மாற்றம் காயமாகாது. அனுபவமில்லாத கை போட்ட துளை வேறு விஷயம்; அதைக்கூட அடைப்பதற்கு முன் படம் எடுத்துவைப்பது நல்லது.

அரிய கருவிக்கும் பரவலாகக் கிடைக்கும் கருவிக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. 1930-களின் ‘ஃப்ரையிங் பேன்’ கருவியில் ஒரு திருகைக்கூட மாற்றத் தயங்க வேண்டும். 1950-களில் ஏராளமாக விற்ற மாணவர் மடிக்கருவியில் உடைந்த பிருடைகளை மாற்றினால் உலகம் ஒன்றும் இழக்காது, ஒரு வாசிப்பாளர் கருவி பெறுவார். இரண்டிலும் முதலில் புதுத் தந்தி போட்டு ஒரு மாதம் வாசித்துப் பார்ப்பதே சரியான தொடக்கம். எந்தத் தந்தி அறுகிறது, எந்த மிதி திரும்பவில்லை, எங்கே சலசலக்கிறது என்பதை வாசிப்புதான் காட்டிக்கொடுக்கும். மேசையில் கிடத்திப் பார்த்தால் கீறலும் துருவும்தான் தெரியும், அவற்றில் பெரும்பாலானவை எதையும் தடுப்பதில்லை. நெடிவிடும் செல்லுலாய்டும் பிடிவிட்ட சட்டமும் பழைய ஆம்ப்ளிஃபயரும் மட்டும் இந்த ஒரு மாதத்துக்குக் காத்திருக்க முடியாதவை.

மாற்ற நேர்ந்த பாகம் எதுவாக இருந்தாலும், அது எங்கிருந்தது, எப்போது கழற்றப்பட்டது என்று எழுதிய சீட்டோடு உறையில் போட்டுக் கருவிப்பெட்டியிலேயே வைப்பது வழக்கம். ஊமையான சுருள், அமிழ்ந்த கூம்பு, தேய்ந்த உலோக விரல் எல்லாமே அந்தப் பெட்டிக்குள் இருக்கலாம். செல்லுலாய்டு துண்டுகள் மட்டும் கூடாது. அவற்றைக் காகித உறையில், காற்றாடும் இடத்தில், உலோகம் எதுவும் அருகில் இல்லாமல் தனியே வைக்க வேண்டும்.